அலுமினியத்தின் மேல் போட்ட பழி

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஜன்னல்காரர் என்றுதான் சொல்வார்கள். அலுமினியச் சட்டங்களை அறுத்து, இணைத்து, கண்ணாடி மாட்டி, ஜன்னலாகவும் கதவாகவும் ஆக்கிக் கொடுப்பது அவர் தொழில். பெரிய சாலையை ஒட்டிய நீளமான தகரக் கொட்டகைதான் பட்டறை. காலையில் அவருடைய அறுக்கும் இயந்திரம் போடும் முதல் அலறலைக் கேட்டுத்தான் எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார். மாலையில் வீடு திரும்பும்போது ஜன்னல்காரரின் தலைமுடி, புருவம், சட்டைப் பை எங்கும் அலுமினியச் சீவல் மினுங்கும். வாஷிங் மெஷினைத் திறக்கும் போதெல்லாம் அவர் மனைவி, "இந்த வீட்டுல துணியை விட உலோகத்தைத்தான் அதிகம் துவைக்கிறேன்" என்று அலுத்துக்கொள்வாள்.

ஜன்னல்காரருக்கு ஞாபகசக்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்த வீட்டு ஜன்னலின் வலது மூலை லேசாகச் சாய்ந்திருக்கிறது, எந்தக் கடையின் கதவு மழைக்காலத்தில் சிக்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். ஆனால் வீட்டு விஷயம் என்று வந்தால் மனிதர் வேறு ஆள். பால் வாங்கி வரச் சொன்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். தண்ணீர் வாரிய ஆபீசில் ஒரு புகார் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால், புகாரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு எவன் ரப்பர் போட்டானோ, முழுக்கப் பிய்ஞ்சு தொங்குது" என்பார்.

மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வேலை. யாருக்கு எந்தப் பல், யார் எப்போது வரவேண்டும், யார் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுவார் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வாள். இப்படிப்பட்டவளுக்கு அப்படிப்பட்ட கணவர். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, வீட்டில் மறப்பதற்கு ஒருவர், கோபித்துக்கொள்வதற்கு ஒருவர் என்று வாழ்க்கை அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எதிரே வரும் ஆபத்தை மற்றவர்களுக்கு முன்னால் பார்த்துப் பார்த்து, அவருக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் எதையோ மிதிக்கத் தயாராக நீண்டிருக்கும்.

வந்தவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மாப்பிள்ளை, உங்க கையைக் காட்டுங்க."

ஜன்னல்காரர் இரண்டு கைகளையும் நீட்டினார். சாம்பல் நிறத்தில், ரேகைக்குள் ரேகையாகப் பொடி ஏறிய கைகள்.

"போச்சு" என்றார் மச்சான்.

"என்ன போச்சு?"

"எல்லாம் போச்சு. தங்கச்சி, நீயும் வா. இதை உட்கார்ந்து கேளு."

மச்சான் கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போக்குவரத்து விதிகளை வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். அலுமினியத்தைத் தொட்டால் அது விரல் வழியாக ரத்தத்தில் ஏறுமாம். ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகுமாம். மூளையில் வெள்ளிக் காகிதம் மாதிரி படிந்துவிடுமாம். முதலில் சின்னச் சின்னது மறக்கும், பிறகு பெரியது மறக்கும், கடைசியில் பெற்ற பிள்ளையே மறந்துவிடும் என்று எழுதியிருந்தது.

"யாரு எழுதினது?" என்று கேட்டார் ஜன்னல்காரர்.

"கீழே ஒரு டாக்டர் படம் போட்டிருக்கு."

"பேரு?"

"பேரு எதுக்கு? கழுத்துல ஸ்டெதஸ்கோப் இருக்குல்ல?"

ஜன்னல்காரர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. 'முதலில் சின்னச் சின்னது மறக்கும்' என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். அவளுடைய கண் மெல்லத் திரும்பி, எத்தனையோ நாளாகப் பால் வாங்காமல் வந்த அந்த மனிதரின் மேல் விழுந்தது.

அன்று மதியத்துக்குள் சமையலறை காலியானது. பாத்திரங்கள், கெட்டில், கரண்டி, சாப்பாடு சுற்றும் காகிதச் சுருள் என்று அலுமினியச் சாயல் உள்ள எல்லாமே சாக்குப் பையில் ஏறின. மச்சான் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். ஓர் எவர்சில்வர் டம்ளரும் சந்தேகத்தின் பேரில் உள்ளே போய், மனைவி வாதாடிய பிறகு வெளியே வந்தது. ஜன்னல்களை மட்டும் சாக்கில் போட முடியவில்லை. அந்த வீட்டின் ஜன்னல்கள் அத்தனையும் அவர் கையாலேயே செய்து மாட்டியவை. யோசித்த மனைவி, பழைய காலுறைகளைத் தேடி எடுத்து வந்து ஒவ்வொரு ஜன்னலின் கைப்பிடிக்கும் ஒன்று மாட்டிவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் வீட்டுக்கே ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் ஜன்னல்காரர். "நான் பிறந்ததுலேர்ந்து இதைத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள்.

மறுநாள் மாலைதான் விஷயம் திசை திரும்பியது.

பழுது பார்க்கக் கொடுத்த மிக்சியை வாங்கிவரச் சொல்லி மனைவி பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். கடை பட்டறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்று காலையிலும் வாசல் வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். மாலையில் ஜன்னல்காரர் வழக்கம்போல் வெறுங்கையோடு உள்ளே நுழைந்தார்.

"மிக்சி எங்கே?"

அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். முதலில் ஒரு நீண்ட மௌனம், பிறகு கல்யாணம் ஆன நாளிலிருந்து வரிசையாக ஒவ்வொரு மறதியும், கடைசியில் அவருடைய அம்மா வரைக்கும் போகும். தப்பிக்க வழி தேடி அவர் கண் அலைந்தது. ஜன்னல் கைப்பிடியில் தொங்கிய காலுறை தென்பட்டது. ஏன் அப்படிச் செய்தோம் என்று பிற்பாடு பலமுறை யோசித்தும் அவருக்கே விளங்கவில்லை. தன் கைகளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, வெறித்துப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"மிக்சியா... எந்த மிக்சி?"

மனைவியின் முகத்தில் வெடிக்கவிருந்த எள்ளும் கொள்ளும் அப்படியே அடங்கின. அவள் கிட்ட வந்தாள். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "பரவாயில்லை விடுங்க, நானே வாங்கிக்கிறேன். நீங்க உட்காருங்க" என்றாள். சூடாகப் பால் வந்தது. முதுகுக்கு ஒரு தலையணை வந்தது. கையில் தொலைக்காட்சி ரிமோட்டும் வந்தது.

ஜன்னல்காரர் பாலைக் குடித்தபடி யோசித்தார். இத்தனை வருஷமாக இந்த உலோகம் தனக்குச் சோறு போட்டது போதாதென்று இப்போது பாலும் கொடுக்கிறதே என்று அதன் மேல் அவருக்குப் புதிய மரியாதை பிறந்தது.

அதன் பிறகு வந்தது அவர் வாழ்க்கையின் பொற்காலம். குடியிருப்போர் சங்கக் கூட்டம் மறந்துபோனது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டியது மறந்துபோனது. மச்சானின் மகன் புதிதாகத் திறந்த கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் நிற்கவேண்டியது அடியோடு மறந்துபோனது. முன்பெல்லாம் தானாக மறந்ததை இப்போது முயற்சி எடுத்து மறந்தார். அதிலும் ஒரு சிரமம் இருந்தது. எதை மறக்கவேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகவே மனைவி சொல்வதை முதல்முறையாக ஒழுங்காகக் காதில் வாங்க ஆரம்பித்தார்.

"பாவம், காலையில குடையை எடுத்துக்கிட்டுப் போனார். இப்ப வந்து 'இது யாரோட குடை'ங்கறார்" என்று மனைவி தொலைபேசியில் அண்ணனிடம் சொல்வது அவர் காதில் விழுந்தது. கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் சமையலறையிலிருந்து வந்த வாசனை அந்த உறுத்தலைத் துடைத்துவிட்டது. கொஞ்ச நாளாக அவருக்குப் பிடித்ததாகவே பார்த்துப் பார்த்துச் சமைத்தாள் அவள்.

பொற்காலங்கள் நீடிப்பதில்லை. மனைவி எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவள் அல்ல. ஒருநாள் காலை சட்டையை மாட்டும்போது பையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தார். பல் மருத்துவமனையின் அட்டை. பின்பக்கத்தில் அழகான கையெழுத்தில், 'இவர் வழி தெரியாமல் நின்றால் தயவுசெய்து இந்த எண்ணுக்கு அழைக்கவும். சாதுவானவர்' என்று எழுதியிருந்தது.

"சாதுவானவர்னு எதுக்கு எழுதினே?"

"பயந்து ஓடிடுவாங்களேன்னுதான்" என்றாள்.

அன்று மாலை மச்சான் வந்து ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். ஜன்னல்காரர் கொடுக்க மறுத்தார். அப்படியானால் ஒரு பரீட்சை என்றார் மச்சான். தெருவே வேடிக்கை பார்க்க, நிறுத்தி வைத்த ஸ்கூட்டரில் ஜன்னல்காரரை உட்கார வைத்தார்.

"மாப்பிள்ளை, பதற்றப்படாதீங்க. பிரேக் எதுன்னு காட்டுங்க."

"மச்சான், நான் இருபது வருஷமா வண்டி ஓட்டறேன்."

"கேட்டதுக்கு மட்டும் பதில். பிரேக்."

ஜன்னல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கைத் தொட்டார். மனைவி வாசலில் நின்று கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகச் சொன்னால் அன்றைக்குக் குடையை மறந்தது எப்படி என்ற கேள்வி வரும். தப்பாகச் சொன்னால் சாவி போய்விடும். நடுவாக இருக்கட்டும் என்று, அடுத்த கேள்விக்கு ஹாரனை இண்டிகேட்டர் என்று சொன்னார். சாவி போய்விட்டது. மறுநாளிலிருந்து பட்டறைக்குப் பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. மனைவி கண்டக்டரிடம் அவரை ஒப்படைத்து, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் முழுவதும் அவரை அன்போடு பார்த்தது.

செய்தி மகளுக்கும் எட்டியது. வீடியோவில் அழைத்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

"என்னம்மா கேள்வி இது? நீ என் பொண்ணு."

"பேரு?"

"உன் பேரு எனக்குத் தெரியாதா?"

"பாருங்கம்மா, பேரைச் சொல்ல மாட்டேங்கறார்!" என்று அவள் விம்ம, பின்னாலிருந்து அவளுடைய தோழிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பதறிப்போய்ப் பெயரை உரக்கச் சொன்னார். அதற்கும் அவள் அழுதாள். பரிதாபத்தில் அழுதவள் இப்போது நிம்மதியில் அழுகிறாள் என்று மனைவி விளக்கினாள்.

பட்டறையிலும் நிலைமை சரியில்லை. அங்கே அவருக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு, கண்ணாடிக்காரர். சட்டம் இவர் செய்தால் கண்ணாடி அவர் வெட்டி மாட்டுவார். மச்சான் அனுப்பிய செய்தி அவருக்கும் போயிருந்தது. ஒரு காலையில் அவர் இரண்டு ஜோடி கையுறையை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா இது?"

"அண்ணே, உங்களுக்கே இப்படி ஆயிடுச்சு. நான் புள்ளகுட்டிக்காரன்."

அந்தக் கையுறைகளோடு அவர் தூக்கிய முதல் கண்ணாடி வழுக்கி விழுந்து நொறுங்கியது. இரண்டாவதைத் தூக்கும்போது ஜன்னல்காரரும் ஓடிப்போய்ப் பிடித்தார். இருவருமாகச் சேர்ந்து அதையும் உடைத்தார்கள்.

அதைவிடப் பெரிய இடி அதே வாரத்தில் விழுந்தது. ஒரு டீச்சரும் அவர் கணவரும் ஊருக்கு வெளியே புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு முழுவதற்கும் ஜன்னல், கதவு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் ஜன்னல்காரரிடம்தான் சொல்லியிருந்தார்கள். அளவெடுத்து, சட்டங்கள் பாதி அறுத்தும் ஆகிவிட்டது. டீச்சர் பட்டறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நாங்க மரத்துலயே போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"ஏன் டீச்சர்? என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லை. ஜன்னலைத் திறந்து மூடினாலே மறதி வருமாமே? எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கனவே கொஞ்சம் அப்படித்தான்."

"யாரு சொன்னா இப்படியெல்லாம்? இதைத் தொட்டா ஒண்ணும் ஆகாது. என்னையே பாருங்க!"

டீச்சர் அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் பரிதாபம் வழிந்தது.

"உங்களைப் பத்தித்தான் பல் ஆஸ்பத்திரியில கேள்விப்பட்டேன்" என்றார். "உங்க மனைவி பாவம், சொல்லும்போதே கண் கலங்கிட்டாங்க."

டீச்சர் போன பிறகு ஜன்னல்காரர் பாதி அறுத்த சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். தான் சொன்ன பொய் ஊரைச் சுற்றிவந்து தன் பட்டறைக் கதவையே தட்டிவிட்டது என்று புரிந்தது. பொய் என்று ஒப்புக்கொண்டால் வீட்டில் தொலைந்தோம். ஒப்புக்கொள்ளாவிட்டால் தொழில் தொலைந்தது. அன்று மாலை மச்சான் வேறு வந்து ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. இந்த வேலையை விட்டுடுங்க. நம்ம பள்ளியில வந்து உட்காருங்க. புதுசா வர்ற ஆளுங்களுக்குத் தண்ணி குடுக்கற வேலை. ஒண்ணும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்."

அந்த வார்த்தைதான் அவரை எழுப்பியது.

"டாக்டர்கிட்ட போகலாம்" என்றார் ஜன்னல்காரர். "நல்ல டாக்டரா பார்த்து, அலுமினியத்தால ஏதாவது ஆகுமா ஆகாதான்னு நேராக் கேட்டுடலாம்."

மனைவி அதற்காகவே காத்திருந்தவள் போல் உடனே நேரம் வாங்கிவிட்டாள். மச்சான் துணைக்கு வந்தார். தன் உயிரும் இதில் அடக்கம் என்று சொல்லிக் கண்ணாடிக்காரரும் கையுறையோடு வந்தார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. சின்ன அறையில் நான்கு பேர் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்து, "இதில யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். மூன்று விரல்கள் ஜன்னல்காரரைக் காட்டின.

மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். மிக்சி, குடை, தொட்டி, கூட்டம், ஹாரன் எதுவும் விடுபடவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னல்காரரைச் சோதிக்க ஆரம்பித்தார். மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

ஜன்னல்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால் இத்தனை நாள் நடித்தது கையும் களவுமாக அகப்பட்டுவிடும். தப்பாகச் சொன்னால் அலுமினியத்தின் மேல் பழி உறுதியாகிவிடும். கிழமையைச் சரியாகச் சொன்னார், கழித்தலில் கொஞ்சம் தடுமாறினார். அது நடிப்பில்லை, அவருக்குக் கழித்தல் எப்போதுமே வராது. நெற்றி வியர்த்தது. அந்த நேரம் பார்த்து அவர் கண், டாக்டரின் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டது.

"நான் சொன்ன மூணு வார்த்தை என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார் டாக்டர்.

"டாக்டர், மழை பெய்தா இந்த ஜன்னல் வழியா தண்ணி உள்ளே வருமே?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "ஆமாம். தரையெல்லாம் நனையும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கீழ்ச் சட்டத்துல தண்ணி வெளியே போக ஓட்டை போட்டிருப்பாங்க. அதுல சிமெண்ட் அடைச்சிருக்கு. இது அந்தச் சந்தைப் பக்கத்து ஆள் செஞ்ச வேலை. அவர் எப்பவும் பூசின பிறகு சுத்தம் பண்ண மாட்டார். போன வருஷம் பேங்க் மாடியில இதே மாதிரி செஞ்சு வச்சார், அதுக்கு முன்னாடி தபால் ஆபீஸ் பின்பக்கம். இந்தக் கண்ணாடியும் பிற்பாடு மாத்தினது, இடது பக்கம் மட்டும் நிறம் வேற. வாசல்ல இருக்கிற கதவு நான் போட்டது. நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு கண் டாக்டர் இருந்தார், அவருக்காகப் போட்டேன். அப்ப மேல்பக்கம் ஒரு திருகாணி குறைஞ்சுது, அதுக்குப் பதிலா வேற தலை வச்ச ஆணி போட்டேன். இன்னும் அப்படியே இருக்கு."

மச்சானின் வலது கால் தன்னையறியாமல் தரையில் பிரேக்கை மிதித்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "இவரோட ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

"அப்போ அலுமினியம்?" என்றார் மச்சான், கைப்பேசியை நீட்டி. டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தப் படத்துல இருக்கிற டாக்டரை எனக்குத் தெரியாது. ஆனா அலுமினியத்தைத் தொடறதால ஒண்ணும் ஆகாது. தோல் அதைக் கிட்டத்தட்ட உள்ளேயே விடாது. அது மண்ணுல இருக்கு, தண்ணியில இருக்கு, நாம சாப்பிடற காய்கறியிலயும் இருக்கு. வாய் வழியா உள்ளே போறதுல ரொம்பக் கொஞ்சம்தான் ரத்தத்துல சேரும். சிறுநீரகம் நல்லா இருந்தா அதையும் வெளியே அனுப்பிடும். சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டு நடந்துக்கணும்."

"மூளையில படியாதா?" என்று கேட்டாள் மனைவி.

"மறதி நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு ரொம்பக் காலமா ஆராய்ச்சி பண்றாங்க. ஜன்னலைத் திறக்கறதால, பாத்திரத்தைத் தொடறதால மறதி வரும்னு யாரும் நிரூபிக்கலை. புளிப்பான சாப்பாட்டை மட்டும் வெறும் அலுமினியப் பாத்திரத்துல ரொம்ப நேரம் போட்டு வைக்காதீங்க. இவர் அறுக்கும்போது பறக்கற தூளை மூச்சுல இழுக்கறது நல்லதில்லை, அதுக்கு முகமூடி போடணும். கண்ணுக்குக் கண்ணாடி. அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டார். அவர் உள்ளங்கைகள் வெந்துபோனது மாதிரி வெளுத்திருந்தன. அதற்கு மட்டும் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"அப்படின்னா இவர் ஏன் டாக்டர் எல்லாத்தையும் மறக்கிறார்?" என்றாள் மனைவி.

"நீங்க ஏதாவது சொல்லும்போது இவர் எங்கே பார்த்துக்கிட்டு இருப்பார்?"

மனைவி யோசித்தாள். "ஜன்னலை."

"மறக்கணும்னா முதல்ல காதுல வாங்கியிருக்கணும்" என்றார் டாக்டர். "இவர் எதையும் மறக்கலைம்மா. நீங்க சொன்னதைக் கேட்கவே இல்லை."

திரும்பி வரும் வழியில் கண்ணாடிக்காரர் மச்சானின் காரிலிருந்து தன் தெருமுனையில் இறங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் மச்சான் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த டாக்டர் சொன்னதையும் எல்லாருக்கும் அனுப்பிடுங்க மச்சான்" என்றார் ஜன்னல்காரர். "அனுப்பினா என் மரியாதை என்னாகறது? அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் நழுவினார்.

உள்ளே போனதும் மனைவி கைப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"குடை?" என்றாள்.

"தெரிஞ்சேதான்."

"மிக்சி?"

"முதல்ல நிஜமாவே மறந்தேன். கேட்டப்ப பயந்துபோய்..."

அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கல்யாண நாளிலிருந்து வரிசையாக வரும் என்று காத்திருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பல் ஆஸ்பத்திரியில உட்கார்ந்துக்கிட்டு நான் என்ன யோசிச்சேன் தெரியுமா? ஒருநாள் நீங்க என்னையே யாருன்னு கேட்டா, எப்படி அறிமுகம் பண்ணிக்கறதுன்னு யோசிச்சேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு. 'பயப்படாதீங்க, நான் உங்க சம்சாரம்தான்'னு சொல்லலாமா, இல்ல முதல்ல ஏதாவது சாப்பிடக் குடுத்துட்டு சொல்லலாமான்னு. தினமும் மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தேன்."

ஜன்னல்காரர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவர் டீச்சரின் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று உள்ளதை உள்ளபடி சொன்னார். தொட்டி கழுவச் சோம்பல்பட்டுச் சொன்ன பொய் என்றதும் டீச்சரின் கணவர், இந்த யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்ற முகத்தோடு அவரைப் பார்த்தார். டீச்சர் சிரித்துச் சிரித்து இருமினார். மாடிப்படிக் கைப்பிடியை மட்டும் மரத்திலேயே செய்யச் சொல்லிவிட்டதாகவும், ஜன்னலும் கதவும் அவரே போடலாம் என்றும் சொன்னார். பட்டறையில் அவரும் கண்ணாடிக்காரரும் முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார்கள். எதிர்க்கடைக்காரர் முதல் நாள் பார்த்துவிட்டுத் திருடர்கள் என்று நினைத்துக் கத்தினார்.

வீட்டில்தான் ஒன்றும் சரியாகவில்லை. மனைவி சண்டை போடவில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். காலுறைகளைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்தாள். ஆனால் அவரிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். பால் வாங்கச் சொல்லவில்லை, தொட்டியைப் பற்றிப் பேசவில்லை, புகார் கொடுக்க அனுப்பவில்லை. முதல் இரண்டு நாள் அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு வீடு ஏதோ கண்ணாடி இல்லாத ஜன்னல் மாதிரி வெறிச்சென்று ஆகிவிட்டது. மகள் விடுமுறைக்கு வரப்போவது அவருக்கு எதிர்க்கடைக்காரர் மூலம் தெரியவந்தது. தொட்டியைத் தானே ஏறிக் கழுவினார். ஈரக்கோலத்தில் இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார். அவள் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்துது?"

அவள் நம்பாமல் பார்த்தாள். "எதுக்கு?"

"சும்மாத்தான். சொல்லேன்."

"பெரிசா ஒண்ணும் இல்லை. அந்தப் பயில்வான் திரும்ப வந்திருந்தார்."

"எந்தப் பயில்வான்?"

"உடற்பயிற்சிக் கூடம் வச்சிருக்காரே, அவர்தான். போன தடவை பல் பிடுங்க வந்தப்ப பயமா இருக்கு, யாராவது கையைப் பிடிச்சுக்கணும்னார். டாக்டரே ஒரு கையைக் குடுத்தார். ஊசி போட்டதும் இவர் ஒரு அமுக்கு அமுக்கினார் பாருங்க, டாக்டர் போட்ட சத்தத்துல வெளியே உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் எழுந்து ஓடிட்டாங்க. பல் வலியே இல்லைன்னு சொல்லிட்டு ஒரு பாட்டி படி இறங்கிப் போயிட்டாங்க."

ஜன்னல்காரர் வெடித்துச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் முகத்திலும் ஒரு கோணத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்து, உடனே அடங்கியது.

"இதை உங்ககிட்ட மூணாவது தடவையா சொல்றேன்" என்றாள்.

"முன்னாடி ரெண்டு தடவையும் நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "சரி, டாக்டரோட விரல் என்னாச்சு?" என்று கேட்டார்.

அவள் அவர் கண்களையே உற்றுப் பார்த்தாள். அவை அவள் முகத்தை விட்டு நகரவில்லை. கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தார்" என்று ஆரம்பித்தாள். "ஆனா கூத்து அதுக்கப்புறம்தான்."